திருவனந்தபுரத்துக்குப் புதுசா? எப்போது கடலுக்குப் போவது, எங்கே சாப்பிடுவது

எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி வேலைக்கோ படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் வந்து சேரும் நம்மாட்கள் முதல் லீவு நாளில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பத்து மணிக்கு எழுந்து நேராகக் கோவளம் போவார்கள், உச்சி வெயிலில் மணலில் நிற்பார்கள், விலை கேட்காமல் மீன் சாப்பிடுவார்கள், சாயங்காலம் ஜீன்ஸோடு பத்மநாபசுவாமி கோவில் வாசலுக்கு வந்து திரும்பிப் போவார்கள். அப்புறம் "என்ன ஊரு இது" என்று ஒரு வாரத்துக்குப் புலம்பல். ஊரில் கோளாறு ஒன்றும் இல்லை, போன நேரம்தான் சரியில்லை. இங்கே கோவில், சாப்பாட்டுக் கடை, மியூசியம், கடல் எல்லாவற்றுக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு, அது பிடிபட்டுவிட்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும். அந்தக் கணக்கைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் வந்து இறங்குவது

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். வடசேரியில் ஏறினால் தமிழ்நாட்டு பஸ்ஸும் உண்டு, கேரள பஸ்ஸும் உண்டு, இரண்டும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடும். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஜங்ஷனிலும் நெரிசலில் மாட்டி வருவதற்குள் இரண்டு மணி நேரம் தாண்டிவிடும், விசேஷ நாளென்றால் கேட்கவே வேண்டாம். ரயில் நேரம் ஒத்துவந்தால் ரயிலில் வாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொச்சுவேளி இப்போது திருவனந்தபுரம் நார்த், நேமம் இப்போது திருவனந்தபுரம் சவுத், 2024-ல்தான் பெயர் மாற்றினார்கள். ஊருக்கு நடுவே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது சென்ட்ரல். பேரைப் பார்த்து நார்த்தில் இறங்கிவிட்டால் அங்கிருந்து தம்பானூருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். விமானத்தில் வருபவர்களை அழைக்கப் போகிறவர்களும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் கடல் பக்கம், வெளிநாட்டு டெர்மினல் சாக்கை பக்கம், ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

தம்பானூர் வெளியூர் பஸ்களுக்கு. நகர பஸ்களில் பெரும்பாலானவை, கோவளம் பஸ் உட்பட, கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படும். இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான், அதற்கு ஆட்டோ வேண்டாம். பஸ் போர்டு மலையாளத்தில்தான் இருக்கும் என்பதால் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. "அண்ணா, இது கோவளம் போகுமா?" என்று தமிழிலேயே கேட்கலாம். சேட்டா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை, தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். 1956 வரை கன்னியாகுமரி மாவட்டமும் இதே திருவிதாங்கூர்தானே, பாதிப் பேருக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு அத்தையோ மாமாவோ இருப்பார்கள். பெண்களுக்கு ஒரு விஷயம், நம்மூர் இலவசப் பயணத்தை நம்பிக் கேரள பஸ்ஸில் ஏறாதீர்கள், டிக்கெட் உண்டா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டோ என்றால் மீட்டர் போடச் சொல்லலாம், சாதாரணமாகப் போடுவார்கள். ராத்திரியில் பேரம் பேசுவதற்குப் பதில் ஊபரோ கேரள அரசின் கேரள சவாரி ஆப்போ பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை: கோவிலும் டிபனும்

பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போவதென்றால் விடிந்ததும் போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான், சாயங்காலக் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஆண்களுக்கு வேட்டி மட்டும், சட்டை பனியன் இரண்டும் கூடாது. பெண்களுக்குச் சேலை, அல்லது சுடிதாருக்கு மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். வாசலிலேயே வேட்டி கிடைக்கும், ஆனால் அறையிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் ஒரு வரிசை மிச்சம். போன் உள்ளே கொண்டுபோக முடியாது. இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் கலந்து வரும் நண்பர் கூட்டம் அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும், முதல் வாசலில் தலை, நடுவில் நாபி, கடைசியில் பாதம். பின்னால் தள்ளுவார்கள், அதற்காக நடு வாசலைப் பார்க்காமல் நகர்ந்துவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் பத்மதீர்த்தக் குளத்தங்கரையில் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது, மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்க இரண்டு பக்கமிருந்தும் ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். பிள்ளைகளோடு போனால் ஒரு மணி அடிக்கும்வரை நின்று பாருங்கள். பக்கத்திலேயே குதிரைமாளிகை, சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது, இறவாணத்தில் வரிசையாக 122 மரக்குதிரைகள்.

இனி டிபன். ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் செங்கல் நிறத்தில் சுருளாக உயர்ந்து நிற்கும் ஒரு கட்டிடம் கண்ணில் படும், அதுதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே மாடிப்படியும் கிடையாது மாடியும் கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவு, அதன் ஓரத்தில் பெஞ்சும் மேஜையும். தலைப்பாகையில் விசிறி வைத்த பரிமாறுபவர்கள் அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே ஒரு காபி குடிக்கலாம். மசால் தோசைக்குள் சிவப்பாக பீட்ரூட் இருக்கும், திடுக்கிடாதீர்கள், அங்கே அப்படித்தான். என் கட்சி, அங்கே மசால் தோசையைவிட கட்லெட்தான் நல்லா இருக்கும். சாப்பாட்டுக்காகவே போகிற இடம் என்று சொல்ல மாட்டேன், கட்டிடத்துக்காகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற இடம்.

வயிறு நிறையக் காலைச் சாப்பாடு வேண்டுமென்றால் சந்துக்குள் இருக்கும் ஏதாவது சின்னச் சாயாக்கடையில் புட்டு, பயறு, பப்படம் கேளுங்கள். மூன்றையும் சேர்த்துக் கையால் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஏத்தன் பழம், அதாவது நேந்திரம் பழம், வைத்தும் சாப்பிடலாம், குமரிக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை, திருநெல்வேலி தாண்டி வருபவர்களுக்காகச் சொல்கிறேன். குடிக்கத் தரும் வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் டம்ளர் கழுவவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது. வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு பாட்டில் தண்ணீரைவிட அதுவே மேல்.

மத்தியானம்: ஊணு

பன்னிரண்டரை மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்கு மேல் போனால் மீன் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. ஊணு என்று கேட்டால் சிவப்பு மட்டை அரிசிச் சோறு, பருப்பு, சாம்பார், அவியல், தோரன், புளிசேரி, ரசம், மோர் என்று வரும், சோறும் கறிகளும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மீன் குழம்பின் சாறு பல கடைகளில் ஊணோடு சேர்ந்தது, பொரித்த மீனுக்குத் தனிக் காசு. பொரித்த மீனை ஒரு தட்டில் அடுக்கி மேஜைக்கு மேஜை கொண்டுவந்து நீட்டுவார்கள், அந்தத் தட்டைப் பார்த்ததும் கை நீளும், நீளட்டும், ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் விலையும் கேளுங்கள். சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) எப்போதும் கைக்கு அடக்கம், நெய்மீனும் (வஞ்சிரம்) ஆவோலியும் (வாவல்) அப்படியில்லை. ருசியிலும் நான் சாளைப் பக்கம்தான்.

மட்டை அரிசி இறங்காதவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு நாளாக வாய் கசந்து கிடப்பவர்கள் ஸ்டேஷன் பக்கத்து ஆரிய நிவாஸுக்குப் போகலாம். வெள்ளைச் சோறு, இட்லி, தோசை எல்லாம் நம்மூர்க் கைப்பக்குவத்துக்குக் கிட்டே வரும்.

கல்யாண வீடு யாராவது அழைத்தால் தவறவிடாதீர்கள், காரணம் போளி. திருவனந்தபுரத்துச் சத்தியில், அதாவது இலை விருந்தில், கடைசியாக இலையில் ஒரு மஞ்சள் போளியை விரித்து அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றுவார்கள், போளியை விரலால் கிழித்துப் பாயசத்தோடு பிசைந்து இலையை வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். வடக்கே எர்ணாகுளம் பக்கம் போனால் இந்த ஜோடி அவ்வளவாகக் கிடையாது, இது இந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணம் இல்லாவிட்டாலும் கோட்டைப் பக்கத்துக் கடைகளில் போளி தனியாகக் கிடைக்கும், பாயசத்தையும் ஒரு கப் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் போளி தின்றால் பாதி சங்கதி போச்சு.

அசைவக்காரர்களுக்குச் சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து உள்ளே நீளும் பழைய சந்தை, தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம், தமிழ் வழிப் பள்ளிக்கூடமே அங்கே உண்டு. அந்தச் சந்துகளில் ஒன்றில்தான் ரஹ்மானியா, எல்லோரும் கேத்தல்ஸ் என்று சொல்லும் கடை. சின்னக் கோழியை மிளகாய்ப் பொடிசல் ஒட்ட எண்ணெயில் பொரித்து, மெல்லிய சப்பாத்தியோடு தருவார்கள், கூட எலுமிச்சை ஜூஸ். வேறு ஒன்றும் தேடாதீர்கள். கூட்டம் நிற்கும், உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்காகப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும், அதில் வெட்கப்பட்டால் சாப்பிட முடியாது.

மூன்றரை மணிக்கு மேல்தான் கடல்

கிழக்குக் கடற்கரையிலிருந்து வருபவர்களுக்கு முக்கியமான செய்தி: இங்கே சூரியன் கடலில் உதிக்காது. மலைப் பக்கம் உதித்துக் கடலில் விழும். அதனால் விடியற்காலையில் கோவளம் போய் உதயம் தேடுவதில் பலனில்லை, அஸ்தமனத்துக்குப் போங்கள். வருஷம் முழுவதும் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே விழுந்துவிடும்.

பக்கத்தில் இருப்பது சங்குமுகம். கையில் ஒரு சாயங்காலம் மட்டும் இருந்தால் இதுவே போதும். கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய கடல்கன்னிச் சிலை, தலைக்கு மேலே தாழ்ந்து இறங்கும் விமானம், சுண்டலும் மாங்காய்க் கீற்றும் விற்கும் வண்டிகள். குளிக்க நினைக்காதீர்கள், கரை சட்டென்று ஆழமாகும். மழைக்காலத்தில் கடல் மணலை வாரிக்கொண்டு போய்விடும், சில வருஷம் ரோட்டையே உடைத்திருக்கிறது. அப்போது பீச் என்று சொல்ல ஒரு கீற்று மணல்தான் மிஞ்சும், மழை நின்ற பிறகு மெல்லத் திரும்பி வரும். பக்கத்து வலியதுறை கடல்பாலத்தின் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு ஏறி நடக்கலாம் என்று போகாதீர்கள், அது உடைந்து கிடக்கிறது.

கோவளத்துக்குக் கிழக்கேகோட்டையில் மூன்று மணிவாக்கில் பஸ் ஏறினால் சரியாக இருக்கும். லைட்ஹவுஸ் பீச், ஹவ்வா பீச், சமுத்திரா பீச் என்று பாறை முனைகள் பிரித்து வைத்த துண்டுகள். முதலில் கலங்கரை விளக்கத்தில் ஏறிவிடுங்கள், 1972-லிருந்து எரிகிறது, சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் ஏறினால் மேலிருந்து ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் விழிஞ்ஞம் துறைமுகத்துப் பெரிய கிரேன்களும் தெரியும். அப்புறம் மணலுக்கு இறங்கலாம். லைஃப்கார்டு சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். நீச்சல் தெரியும் என்பவர்களைத்தான் இந்தக் கடல் முதலில் இழுக்கும், ஏனென்றால் அவர்கள்தான் உள்ளே போவார்கள். கரையோர ஓட்டல்களில் அன்றைய மீனைப் பலகையில் ஐஸ் போட்டுப் பரப்பியிருப்பார்கள். அதில் ஒன்றைக் காட்டிச் சமைக்கச் சொல்லலாம், காட்டும்போதே எடை போட்டு, சமைக்கும் கூலியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் அங்கே சாயா மட்டும் குடித்துவிட்டு மீனுக்கு விழிஞ்ஞம் போகிறவன்.

விழிஞ்ஞம் கோவளத்தை ஒட்டியே இருக்கிறது, ஆனால் வேறு உலகம். மீன்பிடித் துறைமுகம், ஒரு கரையில் பள்ளிவாசல், மறு கரையில் மாதா கோவில், நடுவே வள்ளம் எனப்படும் நாட்டுப் படகுகள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் காலையில் போக வேண்டும், வள்ளம் கரையேறி மீனைக் கொட்டி ஏலம் போடும் நேரத்தில். தங்கியிருக்கும் வீட்டில் சமைக்க வசதி இருந்தால் அங்கேயே வாங்கலாம், புதிதாக வந்தவரிடம் முதலில் கூட்டித்தான் சொல்வார்கள், பாதியில் நின்று பேசுங்கள். பாறையிலிருந்து எடுக்கும் சிப்பி இங்கே பேர்போனது, பக்கத்துக் கடைகளில் தேங்காய்க் கொத்து போட்டு வறுத்துத் தருவார்கள், மரச்சீனியோடு (மரவள்ளிக் கிழங்கு) சாப்பிட்டுப் பாருங்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளக் கரையில் விசைப்படகு இழுவலைக்குத் தடை, ஊரெல்லாம் மீன் விலை ஏறும். ஆனால் வள்ளங்களுக்குத் தடை இல்லை, விழிஞ்ஞம் விரிகுடா மழைக்காலத்திலும் ஒதுங்க இடம் தரும் என்பதால் சுற்று ஊர் வள்ளங்கள் எல்லாம் அந்த மாதங்களில் இங்கேதான் கூடும். மழையில் மீன் கிடைக்காது என்று யாராவது சொன்னால் விழிஞ்ஞம் பார்க்காதவர் என்று அர்த்தம். அப்படியே எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோவிலையும் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை, ஆய் மன்னர்கள் காலத்தை நினைவுபடுத்தும் சின்னப் பாறை.

இன்னும் தெற்கே ஆழிமலை சிவன் கோவில், கடலோரப் பாறைமேல் 58 அடி கங்காதரேஸ்வரர். சிலையைப் பாருங்கள், கீழே பாறைக்கு இறங்கி செல்பி எடுக்காதீர்கள், அலை எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும் என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது. அதைத் தாண்டினால் பூவாறு, நெய்யாறு கடலில் சேரும் இடம், கண்டல் என்கிற அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். ரோட்டிலேயே கை காட்டி வண்டியை நிறுத்தும் தரகர்களிடம் ஒப்புக்கொள்ளாமல் படகுத்துறை வரை போய், எத்தனை பேர், எவ்வளவு நேரம், மணல்திட்டில் இறக்குவார்களா என்று மூன்றையும் கேட்ட பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள்.

வர்க்கலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. செம்மண் குன்று நேராகக் கடலில் போய் நிற்கும் இடம், மேலே நடைபாதை, கீழே பாபநாசம் கடற்கரை. ஆடி அமாவாசை அன்று முன்னோர்களுக்குப் பலி போட, அதாவது தர்ப்பணம் செய்ய, கூட்டம் அலைமோதும், சுற்றிப் பார்க்க நினைத்தால் அந்த நாள் வேண்டாம். மழை நாளில் குன்றின் விளிம்புக்குப் போகாதீர்கள், மண் சரியும்.

கள்ளக்கடல் என்று அறிவிப்பு வந்தால் எந்தப் பீச்சும் வேண்டாம். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், எங்கோ தூரத்துச் சமுத்திரத்தில் கிளம்பிய அலை வந்து கரையேறிவிடும். குமரிக் கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் வானத்தைப் பார்த்து ஏமாறுவார்கள்.

ராத்திரி

ஏழு மணிக்கு மேல் தெருவோரத் தட்டுக்கடைகள் முளைக்கும். சின்னச் சின்னத் தோசை, சம்மந்தி என்கிற சட்னி, கூடவே ரசத்தில் ஊறிய ரசவடை, மேலே ஒரு ஓம்லெட். இந்த ஊரில் நான் ராத்திரி சாப்பிடச் சொல்வது இதைத்தான். பரோட்டாவும் பீஃபும் வேண்டுபவர்களுக்குக் குறைவில்லை, பாளையம் ஸம் ஸம் மாதிரிப் பெரிய கடைகளும் உண்டு, குடும்பத்தோடு உட்கார அது வசதி. சாப்பிட்ட பிறகு சும்மா நடக்க வெள்ளயம்பலம் மானவீயம் வீதி, இளசுகள் பாட்டும் கிட்டாருமாக உட்கார்ந்திருப்பார்கள்.

திங்கட்கிழமையும் மற்ற சில நாட்களும்

திங்கட்கிழமை லீவு கிடைத்தால் இடம் பார்க்கக் கிளம்பாதீர்கள். மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், குதிரைமாளிகை, லைட்ஹவுஸ் எல்லாம் மூடல். மியூசியம் புதன் காலையிலும் திறக்காது. திங்களைப் பூவாறுக்கோ வர்க்கலைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் வழியில் தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கலாம் என்ற யோசனையும் திங்களன்று நடக்காது, அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நடத்துவது கேரள அரசு, விடுமுறை அதே திங்கள்தான்.

மாசி மாதம் ஆற்றுகால் பகவதி கோவில் பொங்கல் நாளில் ஊருக்குள் வண்டி ஓடாது. கிழக்கேகோட்டை தொடங்கி மைல் கணக்கில் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு, பெண்கள், புகை. 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவானது. ஆற்றுகால் அம்மையைக் கண்ணகி என்றே இங்கே கும்பிடுவார்கள், அதனால் நம் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பொங்கலிட வருவதென்றால் முந்தின நாளே வந்து இடம் பிடியுங்கள், சும்மா ஊர் சுற்ற வருவதென்றால் அந்த வாரமே வேண்டாம், அறை கிடைக்காது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி நீராடப் போகும் ஆறாட்டு ஊர்வலம் கடலுக்குப் போவது விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான், அந்தச் சில மணி நேரம் விமானமே நிற்கும், அன்று விமானத்தில் வருகிறவர்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹர்த்தால், அதாவது கடையடைப்பு, என்று முந்தின நாள் நியூஸில் கேட்டால் ராத்திரியே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள், மறுநாள் சாயங்காலம் ஆறு மணி வரை சாயாகூடக் கஷ்டம்.

ஊருக்கு வாங்கிப் போக இரண்டு சாமான் சொல்கிறேன். கைத்தறி வேட்டி சேலை நகரத்துப் பெரிய கடைகளில் வேண்டாம், திரும்பும் வழியில் பாலராமபுரத்தில் இறங்கி நெசவுத் தெருவிலேயே வாங்குங்கள், தறியையும் பார்த்த மாதிரி இருக்கும். ஏத்தங்காய் சிப்ஸ் சாலைக் கடைத்தெருவில், அதுவும் பாக்கெட்டில் அடைத்துத் தொங்கவிட்டதை எடுக்காமல், வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து வறுத்துக்கொண்டிருக்கும் கடையில் சூடாக நிறுத்து வாங்குங்கள். ஆறிய பிறகு கட்டித் தரச் சொல்லுங்கள், சூட்டோடு கவரில் போட்டால் பாறசாலை வருவதற்குள் நமுத்துப்போகும்.